பல்லாண்டு வைத்திருக்கத் தகுந்த பைப் புகையிலை எது?

பைப் புகைப்பவர்கள் கூடும் இடங்களில் தவறாமல் எழும் கேள்வி இது: கையில் உள்ள பணத்துக்கும் அலமாரியில் உள்ள இடத்துக்கும் ஏற்ப எந்தப் புகையிலையை வாங்கி வைத்தால், காத்திருந்த ஆண்டுகளுக்கு ஈடாக அது ஏதேனும் தரும்? சிகாகோவின் புறநகரில் குடியேறிய பிறகே இந்தக் கேள்வி எனக்கு அறிமுகமானது. வேடசந்தூர் வட்டாரத்தில் வளர்ந்தவன் என்பதால் புகையிலையை அறுத்து, உலர்த்தி, அடுக்கி மூடிப் பாடம் செய்வதைச் சிறுவயதிலேயே பார்த்திருக்கிறேன். ஆனால் பாடம் முடிந்து, வெட்டிக் கலந்து, டின்னில் அடைத்து விற்கப்பட்ட புகையிலையை வாங்கியவர் மேலும் பத்து, பதினைந்து ஆண்டுகள் தொடாமல் வைத்திருப்பார் என்பதும், அதற்காகவே வீட்டின் பேஸ்மென்டில் தனி அலமாரி அமைப்பார் என்பதும் எனக்குப் புதிய செய்தியாக இருந்தன. அதன் பிறகு நானும் அப்படியொரு அலமாரியைச் சேர்த்து, திறந்து, ஒப்பிட்டுப் பார்த்துக் கற்றவற்றையே இங்கு எழுதுகிறேன்.

தொடங்கும் முன் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். முதிர்ந்த புகையிலை புகைக்க இதமாக இருக்கும். உடலுக்கு அதனால் வரும் கேடு குறைவதில்லை. பைப் புகை வாய்ப்புற்றுக்கும் தொண்டைப் புற்றுக்கும் காரணமாகும் என்பது உறுதியான செய்தி. இந்தப் பழக்கம் இல்லாதவர்கள் இதைப் படித்துத் தொடங்க வேண்டாம் என்று மனமாரக் கேட்டுக்கொள்கிறேன். ஏற்கெனவே புகைப்பவர்கள், குறைவாகவும் தேர்ந்தெடுத்தும் புகைக்க இந்த அனுபவம் பயன்பட்டால் அதுவே போதும்.

எல்லாப் புகையிலையும் காலத்தால் மேம்படும் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. அது சரியன்று. உப்பு நாரத்தங்காய் ஆண்டுக்கணக்கில் பழகப் பழகச் சுவை கூடும். அன்று நறுக்கித் தாளித்த மாங்காய் ஊறுகாயை அந்த வாரத்துக்குள் தின்றுவிட வேண்டும். இரண்டும் ஊறுகாய் என்பதற்காக ஒரே ஜாடியில் போட்டு வைப்பவர் யாரும் இல்லை. புகையிலையிலும் எதை வைப்பது என்பதைத் தீர்மானிப்பது டின்னின் மீதுள்ள பெயரன்று. உள்ளே இருக்கும் இலை எது, அது எப்படிப் பாடம் செய்யப்பட்டது, எப்படி வெட்டப்பட்டது என்பவையே.

முதலிடம் வர்ஜீனியா இலைக்கு. இதன் வலிமை அதிலுள்ள சர்க்கரை. வர்ஜீனியா இலை, இரும்புக் குழாய்கள் வழியே வெப்பம் செலுத்தப்படும் கொட்டகைகளில் சில நாட்களுக்குள் உலர்த்தப்படுகிறது. முதலில் மிதமான சூட்டில் இலை மஞ்சளாகும்போது அதிலுள்ள மாவுச்சத்து சர்க்கரையாக மாறுகிறது. பிறகு சூட்டைக் கூட்டி இலையை விரைவாக உலர்த்துவதால் அந்தச் சர்க்கரை செலவழியாமல் இலையிலேயே தங்கிவிடுகிறது. இந்த முறையின் தொடக்கத்தை வட கரோலினாவின் காஸ்வெல் கவுன்டியில், 1839-இல், ஸ்லேட் குடும்பத்தின் பண்ணையில் அடிமையாக வேலை செய்த ஸ்டீபன் என்பவரோடு இணைத்துச் சொல்வார்கள். அணையும் நிலையில் இருந்த கொட்டகை நெருப்பில் அவர் கொல்லன் உலையின் கரியை அள்ளிப் போட, அந்தத் திடீர்ச் சூட்டில் இலை பளிச்சென்ற மஞ்சளாக உலர்ந்தது. இன்று உலகெங்கும் விளையும் மஞ்சள் வர்ஜீனியாவின் பின்னால், விடுதலை பெறாத ஒரு மனிதரின் கை இருக்கிறது என்பதை இந்த இலையை விரும்புகிறவர்கள் நினைவில் வைக்க வேண்டும் என்று நான் கருதுகிறேன்.

அவ்வாறு தங்கிய சர்க்கரை, இலையிலுள்ள அமினோ அமிலங்களோடு மெதுவாக வினைபுரிகிறது. ரொட்டியின் மேல்தோலைச் சிவக்கச் செய்யும் மைலார்ட் வினைதான் இது. அடுப்பில் நிமிடங்களில் முடியும் அந்த வினை, மூடிய டின்னுக்குள் சாதாரண வெப்பநிலையில் ஆண்டுக்கணக்கில் நீள்கிறது. இலையின் நிறம் கருக்கிறது. பச்சை வைக்கோல் போன்ற கூர்மை அடங்கி, உலர்பழத்தின் மணம் எழுகிறது. புது வர்ஜீனியாவை அவசரமாக இழுத்தால் ஏற்படும் நாக்கெரிச்சலும் கணிசமாகக் குறைகிறது.

இதை எழுத்தில் சொல்வதைவிட அருகருகே வைத்துப் பார்ப்பது எளிது. இங்கிலாந்தின் கெண்டல் நகரில் 1792-இலிருந்து தன் வரலாற்றைக் கணக்கிடும் சாமுவேல் காவித் நிறுவனத்தின் ஃபுல் வர்ஜீனியா ஃப்ளேக், சேமிப்போர் பலரின் அலமாரியிலும் இருப்பது. அதன் புதிய டின் ஒன்றையும், 2012 என்று நான் எழுதி வைத்திருந்த ஜாடி ஒன்றையும் ஒரே மாலையில் திறந்து, ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு ஃப்ளேக்கை, அதாவது அழுத்திக் கட்டியாக்கி வெட்டிய ஒரு துண்டை, வெள்ளைத் தாளில் வைத்தேன். புதியது செம்பழுப்பு, இடையிடையே வெளிர் கீற்றுகள் தெளிவாகத் தெரிந்தன. பழையதில் அந்தக் கீற்றுகள் எல்லாம் கரைந்து, முழுத் துண்டும் பேரீச்சம்பழத்தின் தோல் நிறத்தில் இருந்தது. சாய்த்துப் பிடித்தால் விளிம்பில் நுண்ணிய மினுக்கம் தெரிந்தது. புதியதில் உலர்புல்லும் சற்றே புளிப்பும் கலந்த மணம். பழையதை மூக்கருகே கொண்டு போனபோது முதலில் காடியை ஒத்த ஒரு நெடி வந்து, சில நிமிடம் காற்றாடியதும் அது விலகி, உலர்ந்த திராட்சையும் அத்தியும் சேர்ந்த கனத்த இனிப்பு எஞ்சியது. புகைக்கும்போது வேறுபாடு இன்னும் தெளிவு: புதியதில் இனிப்பு தனியாகவும் காரம் தனியாகவும் வந்தன, பழையதில் இரண்டையும் பிரித்தறிய முடியவில்லை.

வர்ஜீனியாவிலும் வகை உண்டு. எலுமிச்சை மஞ்சள் நிறத்தவை சர்க்கரை மிகுந்தவை. புதிதாக இருக்கும்போது கூர்மையாகவும், முதிரும்போது பெரிய மாற்றம் காட்டுவதாகவும் இருக்கும். சிவப்பு வர்ஜீனியா தொடக்கத்திலேயே ஓரளவு ஆழம் கொண்டது. அதன் முதிர்ச்சி நிதானமானது. ஆலையிலேயே நீராவியிலோ சூட்டிலோ வேகவைத்துக் கருக்கிய வர்ஜீனியா, காலம் செய்ய வேண்டிய வேலையில் ஒரு பகுதியை முன்கூட்டியே முடித்துக்கொண்டு வருகிறது; அது வைத்தால் கெடாது, ஆனால் வியக்கும்படி மாறுவதும் இல்லை. ஆகவே, மாற்றத்தைக் காண விரும்புகிறவர் மஞ்சளும் சிவப்பும் கலந்த, வேகவைக்காத ஃப்ளேக்கைத் தேர்வது நல்லது. டென்மார்க்கின் ஆர்லிக் கோல்டன் ஸ்லைஸ்டு போன்ற எளிதில் கிடைக்கும் டின்கூட ஐந்தாறு ஆண்டில் அடையாளம் தெரியாதபடி கனிந்துவிடுகிறது. சேமிப்பதற்கு அரிய டின்தான் வேண்டும் என்பதில்லை.

வர்ஜீனியாவோடு பெரீக் சேர்ந்த கலவைகளே என் அலமாரியில் அதிக இடம் பிடித்திருப்பவை. பெரீக், லூசியானாவின் செயின்ட் ஜேம்ஸ் பாரிஷ் என்னும் மாவட்டத்தில் செய்யப்படும் புகையிலை. இலையை ஓக் பீப்பாய்களில் அமுக்கி, தன் சாற்றிலேயே ஊறும்படி அழுத்தத்தில் வைத்து, இடையிடையே வெளியே எடுத்துக் காற்றாடவிட்டு மீண்டும் அமுக்கி, ஏறத்தாழ ஓராண்டு நொதிக்க விடுவார்கள். மிளகுக் காரமும் புளித்த பிளம் பழத்தின் வாசனையும் கொண்ட இந்த இலை ஒரு கலவையில் சிறு பங்குதான் இருக்கும். புதிய டின்னில் அந்த மிளகு மூக்கில் ஏறி நிற்கும். நான்கைந்து ஆண்டுகளில் அது வர்ஜீனியாவின் இனிப்புக்குள் அமிழ்ந்து, கலவை முழுவதும் வேகவைத்த பழத்தின் மணம் கொள்ளும். எஸ்குடோ என்ற கலவையின் வட்ட வில்லைகளும், சாமுவேல் காவித்தின் செயின்ட் ஜேம்ஸ் ஃப்ளேக்கும் இதற்கு நல்ல சான்றுகள். முதன்முதலாகச் சேமிக்கத் தொடங்கும் ஒருவர் என்னிடம் ஒரே ஒரு வகையைக் கேட்டால், தயங்காமல் வர்ஜீனியா–பெரீக் ஃப்ளேக்கைத்தான் சொல்வேன்.

லடாக்கியா கலவைகள் பற்றி நண்பர்களிடையே கருத்து வேறுபாடு நிறைய. சிரியாவின் துறைமுக நகரின் பெயரைத் தாங்கிய இந்த இலை இன்று சைப்ரஸ் வகையாகவே நமக்குக் கிடைக்கிறது. வெயிலில் உலர்த்திய கீழை (ஓரியன்டல்) இலையை, மணமுள்ள மரங்களும் செடிகளும் எரியும் புகையில் பல வாரங்கள் தொங்கவிட்டுக் கருக்குகிறார்கள். லடாக்கியாவின் சிறப்பு அந்தப் புகை மணம்தான். காலம் செல்லச் செல்லக் குறைவதும் அதுவே. ஆனால் ஆங்கிலேய பாணிக் கலவை ஒன்றில் லடாக்கியா மட்டும் இருப்பதில்லை. அடியில் வர்ஜீனியாவும், நடுவில் துருக்கி, கிரேக்கக் கீழை இலைகளும் இருக்கும். முதல் சில ஆண்டுகளில் லடாக்கியாவின் முரட்டுத்தனம் தணிந்து, அது மறைத்து வைத்திருந்த கீழை இலையின் பூமணமும் புளிப்பும் வெளியே வரும். என் நாவுக்கு இந்தக் கலவைகள் மூன்றாம் ஆண்டுக்கும் எட்டாம் ஆண்டுக்கும் இடையில்தான் நிறைவாக இருக்கின்றன. அதைத் தாண்டிப் பதினைந்து, இருபது ஆண்டு வைத்தவற்றை அருமையான புகை என்று சொல்வோர் உண்டு; அவர்கள் ரசிப்பது அடியில் முதிர்ந்த வர்ஜீனியாவையே என்று நான் நினைக்கிறேன். புகை மணத்துக்காகவே லடாக்கியாவை விரும்புகிறவர் அதை நீண்ட காலம் வைப்பதில் பயனில்லை. கலவையில் வர்ஜீனியாவின் பங்கு எவ்வளவு அதிகமோ, அவ்வளவு காலம் வைக்கலாம் என்பதை அளவுகோலாகக் கொண்டால் போதும்.

பர்லி இலையை நான் சேமிப்பது வேறு காரணத்துக்காக. வெள்ளை பர்லி 1864-இல் ஒஹாயோவில் அறியப்பட்ட வகை. அதைக் காற்றோட்டமுள்ள கொட்டகையில் வாரக்கணக்கில் தொங்கவிட்டே உலர்த்துகிறார்கள். அந்த நிதானமான உலர்த்தலில் இலை தன் சர்க்கரையைத் தானே செலவழித்துவிடுகிறது. சர்க்கரை இல்லாத இடத்தில் முதிர்ச்சிக்கு வழி குறைவு. பத்தாண்டு கழித்துத் திறந்தாலும் பர்லி பெரும்பாலும் வாங்கிய அன்று இருந்ததுபோல், சற்று மென்மையாக, அந்தக் கொட்டைப் பருப்பின் சுவையோடு இருக்கும். நாள்தோறும் புகைக்கப் பிடித்த பர்லி கலவை ஒன்று இருந்து, விலையேற்றத்துக்கு முன் வாங்கிவைக்க எண்ணினால் தாராளமாக வைக்கலாம். மேம்படும் என்று எதிர்பார்த்து வைக்க வேண்டாம்.

வெனிலா, செர்ரி, விஸ்கி எனச் சாரம் தெளித்த நறுமணக் கலவைகளை வாங்கிய ஓரிரு ஆண்டுகளில் புகைத்துவிடுவதே முறை. மேலே தெளித்த மணம்தான் முதலில் போகும். ஈரம் காக்கச் சேர்க்கும் புரோப்பிலீன் கிளைகோல் மட்டும் போகாமல் நிற்கும். கெண்டல் ஊரின் பூமணப் புகையிலைகள் இதற்கு ஓரளவு விலக்கு. அவற்றின் சோப்பு போன்ற வாசனை சில ஆண்டுகளில் தணிவதைச் சிலர் விரும்புகிறார்கள். எனக்கு அவை புதிதாக இருக்கும்போதே பிடிக்கும் என்பதால் வைப்பதில்லை.

இலைக்கு அடுத்தபடி கவனிக்க வேண்டியது வெட்டு. ஒரே கலவை, நாடாபோல் மெல்லியதாக நறுக்கிய ரிப்பனாகவும் ஃப்ளேக்காகவும் கிடைத்தால், சேமிக்க ஃப்ளேக்கையே எடுக்கிறேன். இலைகளை அடுக்கி, நீராவியும் அழுத்தமும் கொடுத்துக் கட்டியாக்கிப் பிறகு வெட்டுவதுதான் ஃப்ளேக். இலைகள் ஒன்றோடொன்று நெருங்கிக் கிடப்பதால் ஒன்றின் சாறும் மணமும் மற்றதில் ஏறுகின்றன. ஈரமும் எளிதில் போவதில்லை. வெட்டாத கட்டியாகவே கிடைக்கும் ப்ளக் இதைவிட நிதானமாக மாறும். பொறுமையுள்ளவர்களுக்கு அதுதான் ஏற்றது. ரிப்பன் விரைவில் மாற்றம் காட்டும், ஆனால் அடைப்பு சற்றுத் தளர்ந்தாலும் விரைவில் உலர்ந்தும் போகும்.

இத்தனையும் தெரிந்த பிறகும் கடையில் நிற்கும்போது முடிவு எடுப்பது எளிதன்று. சிகாகோ வபாஷ் அவென்யூவில் மாடியில் இருக்கும் ஐவன் ரீஸ் கடை 1857-இலிருந்து நடக்கிறது. அங்கு நான் அறிமுகமான முதிய வாடிக்கையாளர் ஒருவர் சொன்ன சொல்லை இன்றும் பின்பற்றுகிறேன்: புதிதாக இருக்கும்போதே பிடிக்காத புகையிலையைக் காலம் திருத்தும் என்று நம்பி வைக்காதே. முதிர்ச்சி ஒரு கலவையின் இயல்பை வளர்க்கும். புதிய இயல்பைத் தராது. இப்போது கூர்மை மட்டும்தான் குறை, அடியில் இருக்கும் சுவை பிடித்திருக்கிறது என்றால் அதை வைக்கலாம். சுவையே ஒட்டவில்லை என்றால் பத்தாண்டு கழித்தும் ஒட்டாது. ஆகவே எந்தக் கலவையையும் ஒரு டின் முழுவதும் புகைத்துப் பார்க்காமல் மொத்தமாக வாங்குவதில்லை என்பதை விதியாக வைத்திருக்கிறேன்.

இதற்கு நேர் எதிரானது அச்சத்தில் வாங்குவது. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் புதிய விதிகள் 2016 ஆகஸ்டில் பைப் புகையிலைக்கும் நடைமுறைக்கு வந்தபோது, 2007 பிப்ரவரி 15-க்குப் பின் சந்தைக்கு வந்த கலவைகள் எல்லாம் அனுமதி பெற வேண்டும் என்ற செய்தி பரவி, பலர் கண்ணில் பட்டதையெல்லாம் வாங்கிக் குவித்தார்கள். 2018-இல் கான்சஸ் சிட்டியின் மெக்லெலண்ட் நிறுவனம் மூடப்பட்டது. அதன் வர்ஜீனியாக்களை விரும்பியவர்களுக்கு அது உண்மையான இழப்பு. அதே காலத்தில் டன்ஹில் பெயரில் வந்த கலவைகள் நின்றன. பின்னர் அவற்றில் பல பீட்டர்சன் பெயரில் திரும்பி வந்தன. 2024-இல் டென்மார்க்கின் மாக் பாரன் நிறுவனத்தை ஸ்காண்டிநேவியன் டொபாகோ குழுமம் வாங்கியபோதும் அதே பதற்றத்தைக் கண்டேன். ஒவ்வொரு முறையும் அலமாரிகளில் சேர்ந்தவை முதிர்ச்சிக்குத் தகுந்தவை அல்ல, கிடைத்தவை. நின்றுபோன கலவை என்பதற்காக மட்டும் பல மடங்கு விலை கொடுத்து வாங்குவதை நான் தவிர்க்கிறேன். அந்தப் பணத்தில் இன்று செய்யப்படும் நல்ல வர்ஜீனியா ஃப்ளேக்கைப் பல டின் வாங்கிக் காத்திருந்தால், பத்தாண்டில் அதே தரமுள்ள புகை கையில் இருக்கும்.

அமெரிக்காவில் இப்படிச் சேமிக்கும் வழக்கம் வளர்ந்ததற்கு வரியும் ஒரு காரணம். 2009-இலிருந்து பைப் புகையிலைக்குக் கூட்டாட்சி வரி ஒரு பவுண்டுக்கு 2.83 டாலர், கையால் சுருட்டும் சிகரெட் புகையிலைக்கு அதுவே 24.78 டாலர். பிரிட்டனில் இருக்கும் நம்மவர்கள் வரியோடு சேர்த்துக் கொடுக்கும் விலைக்கு இங்கு வாங்குவதுபோல் வாங்கிக் குவிக்க முடியாது. அங்கு இருப்பவர்கள் இன்னும் கவனமாக, ஒன்றிரண்டு கலவைகளோடு நிறுத்திக்கொள்வது பொருத்தம்.

எவ்வளவு வாங்குவது என்பதற்கு உணர்ச்சியைவிடக் கணக்கு உதவும். நடுத்தர அளவுள்ள பைப் கிண்ணம் ஒன்றுக்கு ஏறத்தாழ 2.5 கிராம் ஆகும். 50 கிராம் டின் இருபது முறைக்கு வரும். வாரம் இருமுறை புகைப்பவருக்கு ஆண்டுக்கு 5 டின், அதாவது 250 கிராம் போதும். பத்தாண்டுத் தேவையே 50 டின்தான், இரண்டரைக் கிலோ. இந்தக் கணக்கைப் போடாமல், இரண்டு வாழ்நாளுக்கும் தீராத அளவு சேர்த்துவிட்டு, அறுபது வயதுக்கு மேல் மருத்துவர் நிறுத்தச் சொன்னதும் கண்காட்சி மேசைகளில் விற்க நிற்பவர்களைச் சிகாகோ வட்டாரத்தில் நடக்கும் பைப் கண்காட்சியில் பார்த்திருக்கிறேன். ஆண்டுக்கு ஐந்து டின் தேவைப்படுபவர் எட்டு வாங்கி மூன்றை வைத்தால், பத்தாண்டில் ஒவ்வோர் ஆண்டின் புகையிலையும் கொஞ்சம் கொஞ்சம் கையில் இருக்கும். ஒரே ஆண்டில் முப்பது டின் வாங்குவதைவிட இது மேல். ஒரே கலவை வெவ்வேறு வயதில் எப்படி இருக்கிறது என்று ஒப்பிட முடியும், எந்த வயதில் அது தனக்குப் பிடிக்கிறது என்றும் தெரியவரும்.

அடைக்கும் கலம் பற்றி. காற்றிறுக்கமாக மூடப்பட்ட வட்ட டின் நன்றாகச் செய்யப்பட்டிருந்தால் அதைத் திறக்காமல் அப்படியே வைப்பதே சிறந்தது. பக்கவாட்டில் மூடும் செவ்வக டின்களின் அடைப்பு அவ்வளவு நம்பகமானதன்று. நீண்ட காலம் வைப்பதானால் அவற்றை வாங்கியவுடன் திறந்து ஜாடிக்கு மாற்றிவிடுகிறேன். மொத்தமாக எடை போட்டுப் பிளாஸ்டிக் பையில் தரும் புகையிலையையும் உடனே மாற்ற வேண்டும்; சாதாரணப் பிளாஸ்டிக் சில மாதங்களிலேயே ஈரத்தையும் மணத்தையும் கசியவிடும்.

ஜாடி என்றால், ஊறுகாயும் பழக்கூழும் போட அமெரிக்க வீடுகளில் பயன்படும் மேசன் ஜாடிதான். ஜான் மேசன் 1858-இல் காப்புரிமை பெற்ற இந்த ஜாடி எந்தப் பலசரக்குக் கடையிலும் கிடைக்கும். தட்டையான மூடித் தகடும், அதை இறுக்கும் திருகு வளையமும் தனித்தனி. ஜாடியைக் கழுவி, முழுக்க உலர்த்தி, புதிய மூடியோடு பயன்படுத்துகிறேன். அரை பைன்ட் அளவுள்ள சிறு ஜாடிகளையே விரும்புகிறேன். ஒரு டின் புகையிலை ஒன்றில் அடங்கும். பெரிய ஜாடியில் நான்கைந்து டின்னைக் கொட்டினால், ஒவ்வொரு முறை திறக்கும்போதும் எல்லாவற்றுக்கும் காற்றுப்பட்டு, நொதித்தலின் போக்கு மாறிவிடும். புகையிலையை நசுக்கித் திணிக்க வேண்டாம். வெற்றிடம் உண்டாக்கும் கருவியும் வேண்டாம். தொடக்க மாதங்களில் உள்ளே சிக்கிய சிறிதளவு காற்று முதிர்ச்சிக்கு உதவுகிறது. அது தீர்ந்த பிறகு காற்றில்லாத நிதானமான மாற்றம் தொடர்கிறது.

ஈரம் எவ்வளவு இருக்க வேண்டும் என்று பலர் கருவி வைத்து அளக்கிறார்கள். விரலே போதும் என்பது என் அனுபவம். ஒரு சிட்டிகையை அழுத்தி விட்டால் மெல்லப் பிரிய வேண்டும். நொறுங்கினால் உலர்ந்துவிட்டது, உருண்டையாகவே நின்றால் ஈரம் அதிகம். ஆங்கிலேய ஃப்ளேக்குகள் மிக ஈரமாக வருவதுண்டு. அவற்றைத் தட்டில் பரப்பி, மேல்பரப்பின் பிசுபிசுப்பு போகும்வரை வைத்த பின்பே ஜாடியில் இடுகிறேன். தண்ணீர் தெளித்து அடைப்பதும், ஈரத்துக்காகப் பழத்துண்டு போடுவதும் பூஞ்சையை வரவழைக்கும் வழிகள்.

வைக்கும் இடம் குளிர்ச்சியாகவும் இருட்டாகவும் இருப்பதோடு, வெப்பநிலை ஏறி இறங்காததாகவும் இருக்க வேண்டும். சிகாகோ பேஸ்மென்ட் ஆண்டு முழுவதும் 16-இலிருந்து 20 டிகிரிக்குள் நிற்பதால் பொருத்தமானது. சூடேற்றும் ஃபர்னேஸுக்கும் வெந்நீர்த் தொட்டிக்கும் எட்ட, தரையில் படாமல் அலமாரியில், ஜாடிகளை அட்டைப்பெட்டிக்குள் வைத்திருக்கிறேன். கனமழையில் பேஸ்மென்டுக்குள் நீர் புகுவது இந்த ஊரில் வழக்கம் என்பதால் அடித்தட்டைக் காலியாகவே விடுகிறேன். குளிர்பதனப் பெட்டி வேண்டாம். எடுத்து வைக்கும்போதெல்லாம் உள்ளே நீர்த்துளி கோக்கும். சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பவர்கள் வீட்டின் உட்புற அலமாரி ஒன்றை, வெயில் படும் சுவரை ஒட்டாததாகத் தேர்ந்து பயன்படுத்தலாம். அங்கு வெப்பத்தால் மாற்றம் விரைவாக நடக்கும், கடற்காற்றில் டின்கள் துருப்பிடிக்கும், எனவே டின்னைவிட ஜாடியே அங்கு ஏற்றது. எங்கிருந்தாலும் குழந்தைகளுக்கு எட்டாமல் வைக்க வேண்டும். நிகோட்டின் சிறு அளவிலேயே குழந்தைக்கு நஞ்சு.

ஆண்டுக்கு ஒருமுறை எல்லா டின்களையும் கையில் எடுத்துப் பார்க்கிறேன். மூடி சற்று உள்வாங்கி விறைப்பாக இருந்தால் நல்லது. மூடி மேல்நோக்கி உப்பியிருந்தால் உள்ளே நொதித்து வாயு சேர்ந்திருக்கிறது என்று பொருள். அதனால் புகையிலை கெட்டது என்று முடிவு கட்ட வேண்டியதில்லை, அடைப்பு தாங்குகிறது என்பதற்கும் அதுவே அடையாளம். விளிம்பில் துருவோ ஊசித்துளையோ தெரிந்தால் அந்த டின்னைத் திறந்து ஜாடிக்கு மாற்றுகிறேன்.

பழைய வர்ஜீனியாவைத் திறக்கும் பலர் மேற்பரப்பில் வெள்ளையாகப் படிந்திருப்பதைக் கண்டு அஞ்சி எறிந்துவிடுகிறார்கள். எறியும் முன் உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்க்க வேண்டும். முதிர்ச்சியால் வெளிப்படும் படிகமானால், ஒளியில் திருப்பும்போது ஒவ்வொரு துகளும் தனித்தனியாக மின்னும், மணம் இனிப்பாக இருக்கும். பூஞ்சையானால் பஞ்சு போல நூல் நூலாக, மங்கலாக, ஓரிடத்தில் திட்டாகப் பரவியிருக்கும். மூடிய ஈர அறையின் நாற்றம் அடிக்கும். பூஞ்சை என்று உறுதியானால் பூத்த துண்டை மட்டும் எடுத்துவிட்டு மீதியைப் புகைக்கலாமா என்ற பேச்சுக்கே இடமில்லை. முழுவதையும் கொட்டிவிட வேண்டும்.

ஜாடியில் ஒட்டும் சீட்டில் கலவையின் பெயர், டின் அடைக்கப்பட்ட ஆண்டு தெரிந்தால் அது, நான் ஜாடியில் இட்ட மாதமும் ஆண்டும் ஆகிய மூன்றையும் எழுதுகிறேன். சில தயாரிப்பாளர்கள் டின்னின் அடியில் தேதியை அச்சிடுகிறார்கள். சிலர் குறியீடாகத் தருகிறார்கள். தேதி இல்லாதவற்றில் வாங்கிய நாளையே கொள்கிறேன். வைத்த வர்ஜீனியாவை ஐந்தாம் ஆண்டுக்கு முன் திறப்பதில்லை. பெரிய மாற்றம் அந்த முதல் ஐந்தாண்டுகளில்தான் நடக்கிறது. பத்துக்கு மேல் மாற்றம் தொடர்ந்தாலும் ஆண்டுக்காண்டு அதைப் பிரித்தறிவது கடினம்.

திறந்த அன்றே புகைத்துத் தீர்ப்பளிக்க வேண்டாம். அடைந்து கிடந்த காடி நெடி விலக ஒரு நாளாவது வேண்டும். ஃப்ளேக்கை உதிர்த்து ஒரு மணி நேரம் பரப்பிவைத்தால் எரிவதும் சீராகும். லடாக்கியா கலவையானால் திறந்த பின் அதன் நுண்ணிய மணங்கள் விரைவில் மங்கிவிடுவதால் சில வாரங்களுக்குள் முடித்துவிடுகிறேன். வர்ஜீனியாவானால் பாதியை வெளியே எடுத்துக்கொண்டு, மீதியை அதைவிடச் சிறிய ஜாடிக்கு மாற்றி, பழைய சீட்டின் கீழே திறந்த தேதியையும் சேர்த்து எழுதி, மீண்டும் அலமாரியில் வைக்கிறேன்.